முகவரியின் கதை – 7: பிழையைக் காட்டிக்கொடுத்த வரைபடம்

சென்ற வாரம்வரை பார்த்தது எண் பலகைகளின் கதை. 1805இல் பாரிஸ் நகரம் சேன் நதியை ஆதாரமாக வைத்து வீடுகளுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்களைக் கொடுத்தது. 1854இல் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, மூன்றே நாளில் காலராவுக்குப் பலியான 83 பேரின் விவரத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக விசாரித்தார். சாவுகள் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றியே குவிந்திருப்பது தெரியவந்தது. 1856இல் பிலடெல்பியா, குறுக்குத்தெருவைத் தாண்டும்போதெல்லாம் வீட்டு எண் அடுத்த நூறுக்குத் தாவ வேண்டும் என்று விதித்தது. மூன்று ஊர்களிலும் முகவரியைத் தேடிப் போனவை மனிதக் கால்கள். அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்த ஊருக்கு இந்த வாரம் போகிறோம்.

சாப்பாடு ஆர்டர் செய்தாலும் சரி, வாடகைக் கார் கூப்பிட்டாலும் சரி, நாம் தட்டும் முகவரி நொடிப்பொழுதில் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களாக மாறிவிடுகிறது. ஜியோகோடிங் என்று இதைச் சொல்கிறார்கள். வரைபடத்தில் சிவப்புக் குறி விழுந்ததும், யாரோ அந்த வீட்டை அளந்து வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை நமக்கு வந்துவிடுகிறது. பல இடங்களில் அப்படி யாரும் அளக்கவில்லை. அந்தக் குறி ஓர் ஊகம். ஊகம் என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. தன் பிழையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட ஊகம் அது. அதன் பெருமையும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன. இதற்கான சான்று 1967இல், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் கிடைக்கிறது.

கதவைத் தட்டாத கணக்கெடுப்பு

அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீடு வீடாக ஆள் போய் விசாரிப்பதே நெடுங்கால வழக்கம். 1970க்கு வேறொரு வழி தீர்மானமாயிற்று. பெருநகரங்களில் படிவம் தபாலில் போகும்; நிரப்பித் தபாலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். நாட்டின் வீடுகளில் சுமார் 60 சதவீதம் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம், அதுவரை யாரும் கவனிக்காத ஒரு வேலையை வெளியே கொண்டுவந்தது. கணக்கெடுப்பின் அட்டவணைகள் தெரு எண்ணை வைத்துத் தயாராவதில்லை. நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த பிளாக் என்ற சிறு பகுதியை வைத்தே தயாராகின்றன. ஆள் நேரில் போன காலத்தில், அவர் எந்த பிளாக்கில் நிற்கிறார் என்பதைக் கையிலிருந்த வரைபடம் சொல்லிவிடும். தபாலில் வந்த படிவத்திலோ எண்ணும் தெருப் பெயரும் மட்டுமே இருக்கும். 149ஆம் எண் வீடு எந்த பிளாக்கைச் சேர்ந்தது என்று இனி யார் சொல்வது?

கணக்கெடுப்பு நிறுவனம் கண்ட முதல் விடை ஒரு பட்டியல். இரண்டு குறுக்குத்தெருக்களுக்கு இடைப்பட்ட தெருத்துண்டை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு பக்கத்தில் மிகக் குறைந்த வீட்டு எண் என்ன, மிக அதிக எண் என்ன, அந்தப் பக்கம் எந்த பிளாக்கைச் சேர்ந்தது என்று ஒரு வரி. எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு வரி. கம்ப்யூட்டர் பட்டியலைத் தேடி வரியைப் பிடித்தால் பிளாக் கிடைத்துவிடும். இந்த யோசனையில் தவறில்லை. ஆனால், பட்டியலில் விழுந்த பிழை சத்தம் போடாது. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஓர் எழுத்தர் மாற்றி எழுதிவிட்டால், ஒரு வரிசை வீடுகள் மொத்தமாகத் தெருவைத் தாண்டி அடுத்த பிளாக்குக்குக் குடிபெயர்ந்துவிடும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, கூட்டுத்தொகைகூட மாறாது. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட பட்டியலில் இப்படிப்பட்ட பிழையைக் கண்ணால் தேடுவது நடக்காத காரியம்.

நியூ ஹேவன், 1967

தபால் முறைக்கு ஒத்திகை பார்க்கத் தேர்ந்தெடுத்த ஊர் நியூ ஹேவன். 1638இல் குடியேறியவர்கள் ஒன்பது சதுரங்களாக வகுத்த நகரம். அந்தச் சதுரங்களைத் தாண்டியதும் சாலைகள் பல திசைகளில் கிளைபிரிந்து ஓடுகின்றன. ஒழுங்கும் ஒழுங்கின்மையும் சேர்ந்து கிடைத்ததால் சோதனைக்குப் பொருத்தமான ஊர்தான். கணக்கெடுப்பு விவரங்கள் உள்ளூர் நிர்வாகத்துக்கு எப்படிப் பயன்படும் என்று ஆராய, 1966இல் அங்கே தனியாக ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவது அதன் வேலைகளில் ஒன்று. அன்று கைக்கெட்டிய வழி, கோடுகளை அப்படியே நகலெடுப்பதுதான்: பிளாக்கின் ஓரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு முனையின் ஆயத்தொலைவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு பிளாக்குகள் கூடும் சந்தியை நான்கு முறை குறிக்க வேண்டிவரும். கை சற்று அசைந்தாலும் நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாது.

இங்கேதான் திருப்பம். கணக்கெடுப்பு நிறுவனத்தின் கணித அறிஞர் ஜேம்ஸ் கார்பெட், வரைபடத்தைப் படமாகப் பார்ப்பதை விட்டு உறவுகளாகப் பார்க்கச் சொன்னார். தெருத்துண்டு எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவு என்பதெல்லாம் பிறகு. அது எந்தச் சந்தியில் தொடங்கி எந்தச் சந்தியில் முடிகிறது? அதன் இடப்பக்கம் எந்த பிளாக், வலப்பக்கம் எந்த பிளாக்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிவிட்டால் ஊரின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும். 1736இல் கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி ஆய்லர் தொடங்கிவைத்த கணிதத்தின் வழித்தோன்றல் இது. டொனால்ட் குக், வில்லியம் மேக்ஸ்ஃபீல்டு முதலியோர் இந்தச் சிந்தனையை நியூ ஹேவன் தெருக்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ‘டைம்’ என்ற சுருக்கப் பெயர் அதற்கு நிலைத்தது. ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் ஒரு பதிவு. அதில் தெருப் பெயர், தொடக்கச் சந்தி, முடிவுச் சந்தி, இட பிளாக், வல பிளாக், இருபக்க வீட்டு எண்களின் எல்லைகள். சந்திகளின் ஆயத்தொலைவுகளைத் தனியே, ஒரே ஒரு முறை அளந்து சேர்த்தால் போதும்.

வளையம் மூடுகிறதா?

சந்திகளின் உறவு ஒரு பக்கம், பிளாக்குகளின் உறவு இன்னொரு பக்கம். ஒன்றை நம்பி மற்றொன்று எழுதப்படுவதில்லை; இரண்டும் தனித்தனியே பதிவாகின்றன. ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாம். எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். 204 என்ற பிளாக்கைச் சுற்றி நான்கு தெருத்துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடமோ வலமோ 204 என்று எழுதிய பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கிறது. 204 வலப்பக்கம் இருந்தால் பதிவை அப்படியே வைத்துக்கொள்கிறது. இடப்பக்கம் இருந்தால் தொடக்கச் சந்தியையும் முடிவுச் சந்தியையும் இடம் மாற்றிக்கொள்கிறது. பிறகு சங்கிலியாகக் கோக்கிறது: 11லிருந்து 12, 12லிருந்து 17, 17லிருந்து 16, 16லிருந்து 11. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, வளையம் மூடிவிட்டது. பதிவு சரி.

இனி, அந்த எழுத்தர் இரண்டாவது துண்டில் இடத்தையும் வலத்தையும் மாற்றி எழுதிவிட்டார் என்று கொள்வோம். அந்தத் துண்டு இப்போது 17லிருந்து 12 என்று வரும். 12ஆம் சந்திக்கு வந்து சேரும் சங்கிலிக்கு அங்கிருந்து புறப்பட வழியில்லை, அறுந்து நிற்கிறது. அதோடு போகவில்லை. தெருவுக்கு அந்தப்புறம் இருக்கும் பிளாக்கின் வளையமும் அதே துண்டில் அறுகிறது. ஒரே பிழை இரண்டு இடத்தில் அகப்படுகிறது. ஒரு தெருத்துண்டு முழுவதுமாக விடுபட்டிருந்தாலும் இதே கதைதான். எந்த வரைபடத்தைத் திறந்து எந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்று இயந்திரமே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். முந்தைய பட்டியல் பிழையை விழுங்கிக்கொண்டது; இது காட்டிக்கொடுத்தது. நியூ ஹேவனின் உண்மையான கண்டுபிடிப்பு ஆயத்தொலைவு அல்ல, இந்தச் சோதனைதான் என்பது என் துணிபு. சந்திகளை அளக்க நில அளவையாளர்கள் என்றும் இருந்தார்கள். எழுதிவைத்ததை நம்பலாமா என்று சொல்லத்தான் ஆளில்லாமல் இருந்தது.

49 மீட்டர் ஊகம்

எலும்புக்கூடு தயார். இனி 149ஆம் எண் வீட்டைத் தேடலாம். முகவரியைப் பிரித்து தெருப் பெயரைப் பொருத்த வேண்டும், ‘எஸ்.டி.’ என்று எழுதியிருப்பது தெருவா, புனிதர் பெயரின் முன்னொட்டா என்று தீர்க்க வேண்டும். எழுத்துப்பிழைகளைச் சமாளிக்க வேண்டும். எல்லாம் முடிந்து பொருந்திய துண்டில் ஒற்றைப்படைப் பக்கம் 101 முதல் 199 வரை என்று இருக்கிறது. 149இலிருந்து 101ஐக் கழித்தால் 48. மொத்த வீச்சு 98. ஏறத்தாழப் பாதி. துண்டின் நீளம் 100 மீட்டர் என்றால், தொடக்கச் சந்தியிலிருந்து 49 மீட்டர் தள்ளி ஒரு புள்ளி. வீடு நடுத்தெருவில் நிற்காது என்பதால் சில மீட்டர் ஓரமாக நகர்த்தி வைத்தால் வேலை முடிந்தது. பள்ளிக்கூட விகிதக் கணக்குக்கு மேல் எதுவும் இல்லை. அந்த வீட்டை யாரும் பார்க்கவில்லை. அங்கே வீடு இருக்கிறதா என்பதுகூடக் கணக்குக்குத் தெரியாது.

இந்தக் கணக்கு வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு: எண்கள் தெருவோடு சீராக ஏற வேண்டும்; வீடுகள் சமமான இடைவெளியில் நிற்க வேண்டும். முதலாவதைப் பிலடெல்பியாவும் அதன் வழியில் போன நகரங்களும் ஏற்கெனவே செய்து வைத்திருந்தன. 1909இல் சிகாகோ, ஒரு மைலுக்கு 800 எண்கள் என்று நகரம் முழுவதற்கும் கணக்கு வைத்து வீடுகளுக்கு மறுபடியும் எண் போட்டது. அங்கே வீட்டு எண்ணே பாதி ஆயத்தொலைவு. இரண்டாவது நிபந்தனைதான் காலை வாருகிறது. பிளாக்குக்கு நூறு எண்கள் ஒதுக்கிய ஊரில் எல்லா எண்களும் பயன்படுவதில்லை. அதே 100 மீட்டர் துண்டில் நிஜமான வீடுகள் 101இல் தொடங்கி 131இல் முடிந்துவிட்டால், கோடிவீடான 131ஐக் கணக்கு 31ஆவது மீட்டரில் வைக்கும். பிழை கிட்டத்தட்ட 70 மீட்டர்.

இந்த முறை எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி பிளாக்கைச் சொல்லும், தெருவைச் சொல்லாது. பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சுமக்கும் சென்னை முகவரிகளில், எந்த எண்ணை எந்த வரிசையில் வைப்பது என்றே கணக்கு திணறும். நியூ ஹேவனில் பிறந்த கணக்கு, அமெரிக்க நகரங்கள் நூறாண்டுக்கு மேல் தெரியாமலே செய்துவைத்த முன்னேற்பாட்டின் மேல் நிற்கிறது.

மூன்று மறுப்புகள்

இதெல்லாம் பழங்கதை, செயற்கைக்கோள் வந்த பிறகு ஊகம் எதற்கு என்று கேட்கலாம். ஜி.பி.எஸ். முழுமையாகச் செயல்படத் தொடங்கியது 1995இல். அது சொல்வது கருவி எங்கே இருக்கிறது என்பதை. ஒரு முகவரி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டெலிவரிக்கு வருபவரின் கைப்பேசி அவர் நிற்கும் இடத்தை அறியும். அவர் போக வேண்டிய வீடு அதற்குத் தெரிய வேண்டுமானால் யாராவது எழுத்து முகவரியை எண்ணாக மாற்றித் தந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்பது இன்றும் நியூ ஹேவன் கணக்கோ அதன் வாரிசோதான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: 70 மீட்டர் பிழை உயிருக்கு ஆபத்தில்லையா? கணக்கெடுப்புக்கு ஆபத்தில்லை. 131ஆம் எண் வீடு தெருவின் தொடக்கத்தில் விழுந்தாலும் கோடியில் விழுந்தாலும் அதே பிளாக்குக்குள்தான் இருக்கும், அட்டவணை மாறாது. கேட்ட கேள்விக்கு ஊகம் சரியான விடையைத் தந்தது. அதே புள்ளியை ஆம்புலன்ஸுக்குக் கொடுக்கும்போதும், வெள்ள அபாயப் பகுதிக்குள் வீடு வருமா என்று காப்பீட்டு நிறுவனம் பார்க்கும்போதும் கேள்வி மாறிவிடுகிறது. விடை மட்டும் பழையதாகவே இருக்கிறது. தவறு ஊகத்தில் இல்லை. எப்படிக் கிடைத்தது என்ற குறிப்பைக் கழற்றிவிட்டு ஊகத்தை அளவீடாகக் காட்டுவதில் இருக்கிறது. கூகுளின் ஜியோகோடிங் சேவை விடையோடு அதன் தரத்தையும் சேர்த்தே தருகிறது: கட்டடம்வரை துல்லியம், எண் வரிசையிலிருந்து ஊகித்தது, நடுப்புள்ளி, தோராயம் என நான்கு தரங்கள். நம் திரையில் விழும் சிவப்புக் குறி நான்குக்கும் ஒன்றுபோலவே இருந்தால், பிழை பிறப்பது அங்கேதான்.

இதன் உச்சத்தை 2016இல் வெளியான ஒரு செய்தி காட்டியது. இணைய முகவரிகளை வரைபடத்தில் வைக்கும் நிறுவனம் ஒன்று, ‘அமெரிக்காவில் எங்கோ’ என்பதற்கு மேல் தெரியாதவற்றுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்ற முழு எண்ணைப் போட்டுவைத்தது. அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்தது. அறுபது கோடிக்கு மேற்பட்ட இணைய முகவரிகள் அங்கே குவிந்தன. செய்யாத குற்றங்களுக்காகக் காவல்துறை அந்த வீட்டுக்கு வந்து நின்றது. ‘தெரியாது’ என்ற விடையை ஒரு புள்ளியாக எழுதியதன் விலை அது.

மூன்றாவது மறுப்பு: ஊகம் எதற்கு, கணக்கெடுப்பு நிறுவனம் ஒவ்வொரு வீட்டையும் அளந்து அரசே வெளியிடலாமே? சட்டம் இடம் கொடுக்காது. தனிப்பட்ட வீட்டு முகவரிகளை அந்த நிறுவனம் வெளியிட முடியாது. எண்களின் எல்லைகளை மட்டுமே வெளியிடலாம். இந்தக் கட்டுப்பாடு வீணானதல்ல என்பதற்கு வரலாறே சாட்சி. 1942இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற பிளாக் அளவிலான எண்ணிக்கைகள் கணக்கெடுப்பிலிருந்து ராணுவத்துக்குப் போயின. நிறுவனத்தின் தலைவரே 2000இல் இதை ஒப்புக்கொண்டு வருந்தினார். வெறும் எண்ணிக்கைக்கே அவ்வளவு பலம் என்றால், பெயரோடு ஒட்டிய புள்ளிக்கு எவ்வளவு இருக்கும்? ஊகத்தின் மங்கல் சில நேரம் ஒரு காப்பு.

கோப்பு வெளியே வந்தது

நியூ ஹேவன் குழு இந்தக் கோப்பை வைத்துச் சுகாதாரம், பள்ளி நிர்வாகம், நகரத் திட்டம் என்று பல துறைகளுக்கான பயன்களைச் சோதித்து அறிக்கைகள் வெளியிட்டது. ஸ்னோ நடந்து நடந்து செய்ததை ஒரு சுகாதாரத் துறை இனி மேசையிலிருந்தே தொடங்கலாம். 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் நகரில் முதல் 911 அழைப்பு ஒலித்தது. நாளடைவில் அந்த அவசர சேவையும் இதே வடிவப் பட்டியலை நாடியது: தெரு, எண் எல்லை, எந்த நிலையத்தின் எல்லை. கிராமப்புறத்தில் ‘தபால் தடம் 2, பெட்டி 45’ என்றிருந்த முகவரி தபால்காரரின் சுற்றில் ஒரு வரிசையைச் சொன்னதே தவிர இடத்தைச் சொல்லவில்லை. அவசர சேவைக்காகவே அங்கெல்லாம் சாலைகளுக்குப் பெயரும் வீடுகளுக்கு ஏறுமுக எண்ணும் கொடுத்தார்கள். கணக்கு ஊரைப் பின்பற்றிய காலம் போய், ஊர் கணக்கைப் பின்பற்றத் தொடங்கியது.

‘டைம்’ கோப்புகள் பெருநகரங்களோடு நின்றன. 1990 கணக்கெடுப்புக்காக, புவியியல் அளவைத் துறையின் ஒரு லட்சத்துக்கு ஒன்று அளவு வரைபடங்களையும் இணைத்து, நாடு முழுவதையும் தழுவிய ‘டைகர்’ கோப்பு உருவானது. வளையச் சோதனையின் தத்துவம் அதிலும் தொடர்ந்தது. அமெரிக்க அரசின் ஆக்கங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் நகலெடுக்கும் செலவுக்கு யார் வேண்டுமானாலும் வாங்க முடிந்தது. அதைத் திருத்தி, மெருகேற்றி விற்கும் ஒரு தொழிலே எழுந்தது. பின்னாளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் அமெரிக்க வரைபடத்துக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டதும் இதைத்தான்.

வளையச் சோதனையால் பிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. தெருத்துண்டின் எல்லை 199 என்று எழுதியிருக்க, நிஜத்தில் வீடுகள் 131இல் முடிந்தால் எந்த வளையமும் அறுவதில்லை. அது அந்தத் தெருவில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். கோப்பைத் திறந்து பார்க்க முடிந்தால் அவர் சொல்லுவார். அமெரிக்காவில் திறந்திருந்தது. பிரிட்டனில் நாட்டின் முகவரிக் கோப்பு ராயல் மெயிலின் சொத்து. 2013இல் அந்த நிறுவனம் தனியாருக்குப் போனபோது கோப்பும் கூடவே போனது. ஒரு நாட்டு மக்களின் முகவரிகள் அனைத்தையும் தாங்கிய பட்டியல் விற்பனைச் சரக்கானால், அதிலுள்ள பிழையைத் திருத்தும் உரிமை யாருக்கு, திருத்தாமல் விட்டதற்குப் பொறுப்பு யாருக்கு?

(அடுத்த வாரம்: விற்கப்பட்ட முகவரிகள்)